எண்ணெய்த் தேக்கத்தின் பாறைக் கன அளவு மதிப்பீடு

பாறைக் கன அளவு மதிப்பீடு என்பது, நிலத்தடியில் பெட்ரோலியம் தங்கியிருக்கக்கூடிய பாறைப் பகுதியின் மொத்தக் கன அளவைக் கணக்கிடும் முறையாகும். பெட்ரோலியத் தேக்கப் பொறியியலில் இந்த எண்ணை மொத்தப் பாறைக் கன அளவு என்பர். ஓர் எண்ணெய் வயலில் எவ்வளவு எண்ணெய் இருக்கிறது என்னும் கேள்விக்கு விடை தேடும் கணக்கில் முதலில் எழுதப்படும் எண் இதுவே. அதன்பின் வரும் நுண்துளைமை, நீரின் பங்கு முதலியவை ஒன்றைவிடச் சிறிய பின்னங்கள். அவற்றைக் கிணற்றிலிருந்து எடுத்த பாறைத் துண்டுகளிலும், கிணற்றுக்குள் இறக்கிய கருவிகளின் பதிவுகளிலும் அளந்தறியலாம். பாறைக் கன அளவை அவ்வாறு அளக்க இயலாது. இரண்டு கிலோமீட்டர் ஆழத்தில் பல சதுர கிலோமீட்டர் பரவிக் கிடக்கும் பாறையைப் பற்றி நம் கையில் இருப்பவை ஒரு வரைபடமும் சில கிணறுகளும் மட்டுமே. ஆகவே ஒரு வயலின் தொடக்க காலத்தில் மிகப் பெரிய ஐயம் பெரும்பாலும் இந்த எண்ணிலேயே ஒளிந்திருக்கிறது.

எந்தப் பாறை கணக்கில் சேரும்

நிலத்தடியில் எண்ணெய் குளம்போலத் தேங்கியிருப்பதாகப் பலர் எண்ணுகின்றனர். அப்படியன்று. மணற்பாறையிலோ சுண்ணாம்புப் பாறையிலோ உள்ள நுண்ணிய துளைகளுக்குள், ஈரச் செங்கல்லில் நீர் ஊறியிருப்பதுபோல, எண்ணெய் ஊறியிருக்கிறது. இப்பாறை தேக்கப் பாறை எனப்படும். எண்ணெய் நீரைவிட இலேசானது. துளைகளில் முன்பே நிறைந்திருக்கும் உப்புநீரை விலக்கிக்கொண்டு அது மேலேறும். மேலே எண்ணெயை ஊடுருவ விடாத களிப்பாறை ஒன்று மூடியிருந்தால் அங்கேயே தங்கிவிடும். அந்த மூடுபாறையின் அடிப்பக்கம் கவிழ்த்து வைத்த வாணலிபோல வளைந்திருந்தால், வாணலிக்குள் எண்ணெய் மேலும் நீர் கீழுமாக நிற்கும். இரண்டும் சந்திக்கும் மட்டம் எண்ணெய்–நீர் எல்லை ஆகும். அது பெரும்பாலும் கிடைத்தளமாக இருக்கும்.

இப்போது கணக்கில் சேர வேண்டிய பாறை எது என்று சொல்லிவிடலாம். மேலே தேக்கப் பாறையின் மேற்பரப்பு. கீழே எண்ணெய்–நீர் எல்லை, அல்லது அதற்கும் மேலாகவே தேக்கப் பாறை முடிந்துவிட்டால் அதன் அடிப்பரப்பு. பக்கவாட்டில் இவை ஒன்றையொன்று சந்திக்கும் விளிம்பு, அல்லது பாறையை வெட்டிச் செல்லும் ஒரு பிளவு. இவற்றுக்கு இடைப்பட்ட அனைத்தும், நல்ல மணற்பாறையும் இடையிடையே உள்ள பயனற்ற களிப் படலங்களும் உட்பட, மொத்தப் பாறைக் கன அளவில் அடங்கும். பயனற்றதைக் கழிப்பது அடுத்த படி.

வாணலியின் விளிம்பு எல்லாப் பக்கமும் ஒரே உயரத்தில் இருப்பதில்லை. மிக மேலாக இருக்கும் விளிம்புப் புள்ளியின் வழியே எண்ணெய் பக்கத்து மடிப்புக்கு வழிந்து போய்விடும். அந்த வழிவு முனையின் ஆழத்துக்குக் கீழே எண்ணெய் தங்க முடியாது. கிணறே போடாத இடத்தில், பெருமமாக எவ்வளவு பாறை நிறைந்திருக்கலாம் என்பதற்கு இம்முனையே வரம்பு.

வரைபடம் எப்படிக் கிடைக்கிறது

நிலத்திலோ கடலிலோ செயற்கையாக அதிர்வு எழுப்பி, கீழேயுள்ள பாறை அடுக்குகளில் பட்டுத் திரும்பும் அலைகளைப் பதிவு செய்வர். பதிவாவது ஆழம் அன்று. அலை போய்த் திரும்ப எடுத்துக்கொண்ட நேரம். வேகத்தை நேரத்தால் பெருக்கி இரண்டால் வகுத்தால் ஆழம் கிடைக்கும். சராசரி வேகம் நொடிக்கு 2,500 மீட்டர், நேரம் 1.6 நொடி எனில் ஆழம் 2,000 மீட்டர்.

எளிய கணக்குதான். ஆனால் அந்த 2,500 என்னும் எண் எங்கிருந்து வந்தது என்று கேட்டால்தான் சிக்கல் தொடங்குகிறது. கிணறு உள்ள இடத்தில் பாறையின் உண்மையான ஆழம் துளையிடும்போதே தெரிந்துவிடும். அங்கே வேகத்தைத் திருத்திக்கொள்ளலாம். கிணற்றிலிருந்து இரண்டு, மூன்று கிலோமீட்டர் தள்ளி மேலடுக்குகளின் தன்மை சற்று மாறியிருந்தால் வேகமும் மாறும். ஒரு சதவீதம் மாறினாலும் 2,000 மீட்டரில் 20 மீட்டர் பிழை. கிணறுகள் பெரும்பாலும் மடிப்பின் உச்சியில்தான் துளைக்கப்படுகின்றன. எண்ணெய் கிடைக்கும் வாய்ப்பு அங்கேதான் அதிகம். இதனால் உச்சியில் வரைபடம் நம்பகமாகவும் ஓரங்களில் ஐயத்துக்கு உரியதாகவும் அமைந்துவிடுகிறது.

இவ்வாறு கிடைத்த ஆழங்களைக் கொண்டு சம ஆழக் கோடுகள் வரையப்படும். பள்ளிப் புவியியலில் மலைக்கு வரையும் சம உயரக் கோடுகளைப் போன்றவையே இவை; கடல் மட்டத்திலிருந்து கீழ்நோக்கி எண்ணப்படுவது ஒன்றே வேறுபாடு.

பரப்பிலிருந்து கன அளவு

ஒவ்வொரு சம ஆழக் கோடும் ஒரு மூடிய வளையம். அதனுள் அடங்கும் பரப்பை அளக்க வேண்டும். கணினிக்கு முந்திய காலத்தில் இதற்குப் பரப்பளவி என்னும் சிறு கருவி பயன்பட்டது. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த யாக்கோப் ஆம்சுலர் 1854இல் உருவாக்கியது அது. கோட்டின் மீது அதன் முனையை ஒரு சுற்று ஓட்டிவந்தால், உள்ளேயுள்ள பரப்பை ஒரு சிறு சக்கரம் காட்டிவிடும். கருவி இல்லாதவர் வரைபடத்தாளில் சதுரங்களை எண்ணியும் விடை காணலாம். மாணவர்கள் ஒருமுறையாவது அப்படி எண்ணிப் பார்ப்பது நல்லது. பரப்பு என்பதன் பொருள் அப்போதுதான் விரலில் ஏறும்.

ஒரு கற்பனை மடிப்பை எடுத்துக்கொள்வோம். உச்சி 1,980 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. 2,000 மீட்டர் கோட்டுக்குள் 2 சதுர கிலோமீட்டர், 2,020இல் 6, 2,040இல் 11, 2,060இல் 17, 2,080இல் 25 சதுர கிலோமீட்டர். எண்ணெய்–நீர் எல்லை 2,080 மீட்டர். ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பும் ஒரு மீட்டர் உயரமும் உள்ள பாறை 10 இலட்சம் கன மீட்டர் என்பதை நினைவில் கொண்டால் கணக்கு எளிது.

அடுத்தடுத்த இரண்டு கோடுகளுக்கு இடைப்பட்ட பாறை, அடுக்கி வைத்த தட்டுகளில் ஒரு தட்டு போன்றது. அதன் கன அளவுக்கு இரண்டு விதிகள் வழக்கில் உள்ளன. முதலாவது சரிவக விதி: மேல், கீழ்ப் பரப்புகளின் சராசரியை உயரத்தால் பெருக்குவது. இரண்டாவது கூம்பக விதி: மேற்பரப்பு, கீழ்ப்பரப்பு, இரண்டின் பெருக்கற்பலனுடைய வர்க்கமூலம் ஆகிய மூன்றையும் கூட்டி, உயரத்தால் பெருக்கி, மூன்றால் வகுப்பது.

பத்தாம் வகுப்புக் கணிதம் படித்தவர்களுக்கு இரண்டாவது விதி பழைய நண்பன். கூம்பின் இடைக்கண்டத்துக்குக் கன அளவு காணும் சூத்திரத்தில், பெரிய ஆரத்தின் வர்க்கம், சிறிய ஆரத்தின் வர்க்கம், இரண்டு ஆரங்களின் பெருக்கல் ஆகியவற்றைக் கூட்டுகிறோம். அவை ஒவ்வொன்றையும் பை மதிப்பால் பெருக்கினால் முதல் இரண்டும் வட்டப் பரப்புகள் ஆகின்றன. மூன்றாவது அவ்விரு பரப்புகளின் பெருக்கற்பலனுக்கு வர்க்கமூலம் ஆகிறது. வாளிக்கும் டம்ளருக்கும் போட்ட கணக்குதான் இங்கே எண்ணெய் வயலுக்கும் போடப்படுகிறது. வடிவம் வட்டமாக இருக்க வேண்டும் என்பதில்லை. மேலும் கீழும் ஒரே வடிவமாகச் சுருங்கினால் போதும்.

மேற்பரப்பு கீழ்ப்பரப்பில் பாதிக்கும் குறைவாக இருந்தால் கூம்பக விதி, பாதிக்கு மேல் இருந்தால் சரிவக விதி என்பது நடைமுறை. பாதிக்கு மேல் போனால் இரண்டு விதிகளின் விடைகளும் இரண்டு சதவீதத்துக்குள் ஒத்துப்போகின்றன. பிறகு எளியதையே பயன்படுத்தலாம் என்பதுதான் காரணம்.

நம் மடிப்பில் உச்சித் தொப்பியைக் கூம்பாகக் கொண்டால் (2 × 20) ÷ 3, அதாவது 1.33 கோடி கன மீட்டர். அடுத்த தட்டில் 2க்கும் 6க்கும் இடையே கூம்பக விதி 7.64 கோடி தருகிறது. சரிவக விதி 8 கோடி என்று சற்று மிகைப்படுத்தியிருக்கும். அதற்கடுத்த மூன்று தட்டுகளும் சரிவக விதிப்படி 17 கோடி, 28 கோடி, 42 கோடி. மொத்தம் ஏறத்தாழ 96 கோடி கன மீட்டர்.

இது முடிவன்று. தேக்கப் பாறை 60 மீட்டர் தடிமன் உடையது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் உச்சிக்கு நேர் கீழே 2,040 மீட்டரில் பாறை முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே வேறு பாறை. அடிப்பரப்பும் மேற்பரப்பைப் போலவே வளைந்திருந்தால், அதன் கோடுகள் 2,060 மீட்டரில் 2 சதுர கிலோமீட்டரையும் 2,080 மீட்டரில் 6 சதுர கிலோமீட்டரையும் அடைக்கும். அடிப்பரப்புக்குக் கீழும் எண்ணெய்–நீர் எல்லைக்கு மேலும் உள்ள பாறை 1.33 + 7.64, அதாவது ஏறத்தாழ 9 கோடி. அதைக் கழித்தால் மொத்தப் பாறைக் கன அளவு 87 கோடி கன மீட்டர். அடிப்பரப்பைக் கழிக்க மறப்பது தொடக்க நிலை மாணவர் விடைத்தாள்களில் அடிக்கடி காணக்கூடிய தவறு. மெல்லிய பாறையும் உயரமான மடிப்பும் சேர்ந்தால் இத்தவறு விடையை இரண்டு, மூன்று மடங்காகக்கூட ஊதிவிடும்.

பாறையிலிருந்து பீப்பாய்க்கு

பாறைக் கன அளவு தெரிந்தபின் நான்கு படிகள். நல்ல பாறையின் பங்கு 0.7 என்றால் 87 கோடி 60.9 கோடியாகிறது. அதில் துளைகளின் பங்கு 0.2 என்றால் 12.18 கோடி. துளைகளில் கால் பங்கை நீர் பிடித்துக்கொண்டிருந்தால் எஞ்சுவது 9.135 கோடி. நிலத்தடி வெப்பத்திலும் அழுத்தத்திலும் எண்ணெய்க்குள் வாயு கரைந்திருக்கும். மேலே வரும்போது வாயு பிரிந்து எண்ணெய் சுருங்கும். நிலத்தடியில் 1.25 கன மீட்டராக இருந்தது மேலே 1 கன மீட்டர் ஆகுமெனில் 1.25ஆல் வகுக்க வேண்டும். கிடைப்பது 7.3 கோடி கன மீட்டர் எண்ணெய். ஒரு கன மீட்டர் 6.29 பீப்பாய்; ஆக, ஏறத்தாழ 46 கோடி பீப்பாய்.

இது நிலத்தடியில் இருக்கும் எண்ணெய். எடுக்கக்கூடிய எண்ணெய் அன்று. மூன்றில் ஒரு பங்கை எடுக்க முடிந்தாலே பல வயல்களில் அது நல்ல விளைச்சல்தான்.

அமெரிக்கப் பாடநூல்களில் இதே சூத்திரம் 7,758 என்னும் எண்ணுடன் தொடங்கும். அதைக் கண்டு திகைக்க வேண்டியதில்லை. அங்கே பரப்பை ஏக்கரிலும் தடிமனை அடியிலும் அளப்பர். ஓர் ஏக்கர் பரப்பு, ஓர் அடி உயரம் என்றால் 43,560 கன அடி; ஒரு பீப்பாய் 5.615 கன அடி. முன்னதைப் பின்னதால் வகுத்தால் 7,758 வரும்.

கடைசி இருபது மீட்டர்

மேலே கண்ட தட்டுகளின் எண்களைத் திரும்பப் பார்த்தால் ஒன்று கண்ணில் படும். மடிப்பின் மொத்த உயரம் 100 மீட்டர். அதில் கீழ்ப்பகுதி 20 மீட்டரில் மட்டும் 96 கோடியில் 42 கோடி, அதாவது நூற்றுக்கு 44 பங்கு பாறை இருக்கிறது. உச்சியில் உள்ள 20 மீட்டரில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்குகூட இல்லை.

மேட்டூர் அணையின் நீர்மட்டத்தை நாளிதழில் பார்த்து வருபவர்களுக்கு இது புதிதாக இராது. 120 அடியில் அணையின் கொள்ளளவு 93.47 டி.எம்.சி.; 100 அடியில் ஏறத்தாழ 65 டி.எம்.சி. மேலேயுள்ள 20 அடி உயரத்தில் ஆறில் ஒரு பங்குதான். நீரிலோ பத்தில் மூன்று பங்கு. அணையில் அகன்ற பகுதி மேலே இருக்கிறது. எண்ணெய் மடிப்பில் அது கீழே இருக்கிறது. ஏரிகளுக்கும் அணைகளுக்கும் போடும் பரப்பு–ஆழ அட்டவணையைத் தலைகீழாக்கினால் எண்ணெய்ப் பொறியாளரின் அட்டவணை கிடைத்துவிடும்.

அணையின் நீர்மட்டத்தை அளவுகோல் வைத்துப் படிக்கலாம். எண்ணெய்–நீர் எல்லையை அப்படிப் படிக்க முடியாது. உச்சியில் போட்ட கிணறு பெரும்பாலும் எல்லையைத் தொடுவதே இல்லை. எண்ணெய் உள்ள பாறையைக் கடந்து நேரே அடிப்பாறைக்குள் போய்விடும். அப்போது கண்ணுக்குத் தெரிந்த மிகக் கீழான எண்ணெயின் ஆழம் வரையில்தான் உறுதி சொல்லலாம். நம் மடிப்பில் ஒரு கிணறு 2,060 மீட்டர் வரை எண்ணெயைக் காட்டி, அதற்குக் கீழே ஒன்றும் சொல்லாமல் முடிந்துவிட்டது எனில் உறுதியான பாறை 53 கோடி கன மீட்டர் மட்டுமே. உண்மையான எல்லை 2,080 என்றால் 87 கோடி. வரைபடம் மாறவில்லை, கிணறு மாறவில்லை. எல்லையைக் கண்டதும் காணாததுமே வேறுபாடு.

எல்லையைத் தொடாமலே அதைக் கண்டறிய ஒரு வழி உண்டு. ஒரு கிணற்றில் எண்ணெயின் அழுத்தத்தையும், தாழ்வான இன்னொரு கிணற்றில் நீரின் அழுத்தத்தையும் அளக்க வேண்டும். ஆழம் கூடக்கூட இரண்டும் ஏறும். நீர் கனமானது என்பதால் வேகமாக ஏறும். இரண்டு நேர்கோடுகளும் வெட்டும் ஆழமே எல்லை. எடுத்துக்காட்டாக, 2,000 மீட்டரில் எண்ணெயின் அழுத்தம் 205 பார், மீட்டருக்கு 0.075 பார் ஏற்றம். 2,100 மீட்டரில் நீரின் அழுத்தம் 213 பார், மீட்டருக்கு 0.1 பார் ஏற்றம். நீர்க்கோட்டை 2,000 மீட்டருக்கு நீட்டினால் 203 பார். அங்கே எண்ணெய் 2 பார் முன்னே நிற்கிறது. ஒவ்வொரு மீட்டருக்கும் நீர் 0.025 பார் நெருங்கி வருகிறது. 2ஐ 0.025ஆல் வகுத்தால் 80. எல்லை 2,080 மீட்டர்.

அழகான முறைதான். ஆனால் இரண்டு கிணறுகளிலும் அளந்தவை வெவ்வேறு கருவிகள், அவற்றுக்கிடையே 0.1 பார் வேறுபாடு இருந்தால் என்ன ஆகும்? 205 பாரில் 0.1 என்பது இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. மேற்கண்ட கணக்கில் 2க்குப் பதில் 1.9 என்று போட்டால் 76 வரும். எல்லை நான்கு மீட்டர் மேலேறி 2,076 ஆகிவிட்டது. அந்த நான்கு மீட்டரில் மேற்பரப்புக் கணக்கில் 9.7 கோடியும் அடிப்பரப்புக் கணக்கில் 2.2 கோடியும் குறைந்து, மொத்தத்தில் 7.4 கோடி கன மீட்டர் பாறை மறைகிறது. எட்டரைச் சதவீதம், பீப்பாயில் சொன்னால் ஏறத்தாழ 4 கோடி. அழுத்தத்தில் இரண்டாயிரத்தில் ஒரு பங்குப் பிழை, எண்ணெயில் பன்னிரண்டில் ஒரு பங்குப் பிழையாக வளர்ந்து நிற்கிறது.

முன்பு சொன்ன வேகப் பிழையும் இதே ஓரங்களைத்தான் தாக்குகிறது. நம் மடிப்பின் ஓரச் சரிவு இரண்டு பாகைக்குச் சற்றே அதிகம். 20 மீட்டர் இறங்க அரை கிலோமீட்டர் நடக்க வேண்டும். ஆகவே ஓரத்தில் பாறை வரைபடத்தில் காட்டியதைவிட 20 மீட்டர் ஆழமாக இருந்தால், 25 சதுர கிலோமீட்டர் என்று நினைத்த வயல் 17 சதுர கிலோமீட்டராகச் சுருங்கிவிடும். செங்குத்தான மடிப்பில் இதே பிழை அவ்வளவு தொல்லை தராது. சரிவு குறையக் குறைய மதிப்பீட்டின் ஆபத்து கூடுகிறது.

துரோல்: மெல்லிய எண்ணெய்ப் படலம்

நார்வேயில் பெர்கன் நகருக்கு மேற்கே கடலடியில் உள்ள துரோல் வயல் 1979இல் கண்டறியப்பட்டது. முதன்மையாக அது பெரிய எரிவாயு வயல். அதன் மேற்குப் பகுதியில் வாயுவுக்கும் நீருக்கும் இடையே எண்ணெய் மெல்லிய படலமாகப் பரவியிருந்தது: ஒரு பகுதியில் 22 முதல் 26 மீட்டர், இன்னொரு பகுதியில் 12 முதல் 14 மீட்டர் தடிமன்.

இங்கே பாறைக் கன அளவின் தன்மையே வேறு. மேலே வாயு–எண்ணெய் எல்லை, கீழே எண்ணெய்–நீர் எல்லை. இரண்டும் ஏறத்தாழக் கிடைத்தளம். மேற்பரப்பின் வரைபடத்தைவிட இந்த இரண்டு ஆழங்களே முதன்மை பெறுகின்றன. 24 மீட்டர் படலத்தில் ஒவ்வோர் எல்லையிலும் ஒரு மீட்டர் ஐயம் என்றால் மொத்தத்தில் எட்டுச் சதவீதம். 13 மீட்டர் படலத்தில் பதினைந்து சதவீதம். இவ்வளவு மெல்லிய படலத்தில் செங்குத்துக் கிணறு போட்டால் விரைவிலேயே மேலிருந்து வாயுவும் கீழிருந்து நீரும் புகுந்துவிடும். படலத்துக்குள்ளேயே கிடைமட்டமாக நீண்டு செல்லும் கிணறுகளைத் துளைக்கும் நுட்பம் கைவந்த பிறகே அங்கே எண்ணெய் எடுப்பது பயனுள்ளதாயிற்று. 1995இல் உற்பத்தி தொடங்கியது.

முக்லுக்: பாறை இருந்தது, எண்ணெய் இல்லை

அலாசுகாவின் வடகரையில் புருடோ விரிகுடா வயல் 1968இல் கண்டறியப்பட்டபின், அதே கரையை ஒட்டிய கடலில் அதைப்போன்ற இன்னொரு பெரிய மடிப்பைத் தேடினர். அதிர்வு வரைபடத்தில் முக்லுக் என்னும் மிகப் பெரிய மடிப்பு தென்பட்டது. தேக்கப் பாறை புருடோவில் எண்ணெய் தந்த அதே மணற்பாறைத் தொகுதி. கடலில் சரளைக்கல் கொட்டிச் செயற்கைத் தீவு அமைத்து, 1983இல் சோகையோ நிறுவனம் துளையிட்டது. குத்தகை, தீவு, கிணறு எல்லாம் சேர்த்து நிறுவனங்கள் செலவிட்டது 100 கோடி டாலருக்கும் வெகு அதிகம்.

மடிப்பு வரைபடத்தில் கண்டபடியே இருந்தது. தேக்கப் பாறையும் இருந்தது. அதன் துளைகளில் இருந்ததோ உப்புநீரும், ஒரு காலத்தில் எண்ணெய் இருந்ததற்கான கறையும். புவியியல் காலத்தில் எப்போதோ மூடுபாறை ஒழுகியோ, பாறைத் தொகுதி முழுவதும் சாய்ந்தோ, எண்ணெய் வெளியேறிவிட்டது என்று கருதப்படுகிறது. இடம் சரிதான், வந்து சேர்வதற்குத்தான் மூன்று கோடி ஆண்டுகள் தாமதமாகிவிட்டது என்ற பொருள்பட அந்நிறுவனத்தின் மூத்த அலுவலர் ஒருவர் சொன்னது எண்ணெய்த் துறையில் இன்றும் நினைவுகூரப்படுகிறது. பாறைக் கன அளவு எண்ணெய்க்கான இடத்தை மட்டுமே சொல்கிறது. இடம் நிரம்பியிருக்கிறதா என்பது வேறு கேள்வி.

ஒற்றை எண்ணுக்குப் பதில்

இன்று பரப்பளவியின் வேலையைக் கணினி செய்கிறது. வயலைச் சிறு சிறு சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மேற்பரப்புக்கும் அடிப்பரப்புக்கும் அல்லது எல்லைக்கும் உள்ள உயர வேறுபாட்டைப் பெருக்கிக் கூட்டிவிடும். இதனால் கூட்டல் பிழை ஒழிந்தது. வரைபடத்தின் பிழை ஒழியவில்லை. பத்து இலக்கம் வரை அச்சிட்ட விடையைப் பார்த்து மயங்கும் பழக்கம் பள்ளி மாணவர்களுக்கு மட்டும் உரியதன்று.

எனவே தேர்ந்த மதிப்பீட்டாளர் ஒற்றை எண்ணைத் தருவதில்லை. எல்லை 2,070 முதல் 2,090 வரை, நுண்துளைமை 0.18 முதல் 0.22 வரை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வீச்சைக் கொடுத்து, கணினி அவற்றிலிருந்து குலுக்கல் முறையில் மதிப்புகளை எடுத்து ஆயிரக்கணக்கான முறை கணக்கிடும். சூதாட்டத்துக்குப் பெயர் பெற்ற ஊரின் பெயரால் இது மான்டே கார்லோ முறை எனப்படுகிறது. விடைகளை வரிசைப்படுத்தினால், உண்மை அளவு அதைவிடக் குறையாமல் இருக்க 90 சதவீத வாய்ப்புள்ள குறைந்த மதிப்பீடு, 50 சதவீத வாய்ப்புள்ள நடு மதிப்பீடு, 10 சதவீத வாய்ப்பே உள்ள உயர்ந்த மதிப்பீடு என மூன்று எண்கள் கிடைக்கும். நாளிதழ்ச் செய்தியில் வரும் ஒற்றை எண் இம்மூன்றில் எது என்று கேட்பது பயனுள்ள பழக்கம். வீச்சையே குறுகலாகக் கொடுத்துவிட்டால் இந்த முறையும் காப்பாற்றாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

உற்பத்தி தொடங்கியபின் மதிப்பீட்டைச் சரிபார்க்க வேறொரு சான்று வந்து சேர்கிறது. எடுக்க எடுக்க நிலத்தடி அழுத்தம் குறையும். எவ்வளவு எடுத்தபோது எவ்வளவு குறைந்தது என்பதிலிருந்து, கிணறுகளோடு தொடர்புடைய எண்ணெய் அல்லது வாயுவின் அளவை வரைபடமே இல்லாமல் கணக்கிடலாம். தொடர்புடைய என்ற சொல் இங்கே கவனிக்கத்தக்கது. வரைபடக் கணக்கு பாறை முழுவதையும் சேர்த்துக்கொள்கிறது. அழுத்தக் கணக்கு கிணற்றை எட்டக்கூடிய பாறையை மட்டுமே காண்கிறது. இடையில் களிப் படலங்கள் தடுத்தால் இரண்டும் ஒத்துப்போகா.

இந்தியாவில் இதற்குப் பலரும் அறிந்த நிகழ்வு, ஆந்திரக் கரைக்கு அப்பால் கிருஷ்ணா–கோதாவரிப் படுகையின் ஆழ்கடலில் 2002இல் கண்டறியப்பட்ட திருபாய் 1, திருபாய் 3 எரிவாயு வயல்கள். வாயு இருந்தது, பழங்கால ஆழ்கடல் வாய்க்கால்களில் படிந்த மணலில். 2006ஆம் ஆண்டின் மேம்பாட்டுத் திட்டம் எடுக்கக்கூடிய வாயுவை ஏறத்தாழ 10 இலட்சம் கோடி கன அடி என மதிப்பிட்டது. 2009 ஏப்ரலில் உற்பத்தி தொடங்கியது. அடுத்த ஆண்டே உச்சத்தைத் தொட்டு, பின் அழுத்தத்தோடு சேர்ந்து விரைவாகச் சரிந்தது. 2012இல் மதிப்பீடு ஏறத்தாழ 3 இலட்சம் கோடி கன அடியாகத் திருத்தப்பட்டது. நிலத்தடி எதிர்பார்த்தபடி அமையவில்லை என்றது நிறுவனம். திட்டமிட்ட எண்ணிக்கையில் கிணறுகள் துளையிடப்படவில்லை என்றது அரசுத் தரப்பு. இவ்வழக்கு நடுவர் மன்றம் வரை சென்றது. இரு வயல்களிலும் உற்பத்தி 2020 பிப்ரவரியில் நின்றது.